அடுப்படி கேள்வி–பதில்: அடியில் ஒட்டுவதுதான் சாஸ்

கேள்வி: பன்றிக்கறி சாப்ஸ் வறுத்தேன். சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. அதே வாணலியில் வெண்ணெய் போட்டு சாஸ் செய்தால் வெளிறிய தண்ணீர்தான் வந்தது. எங்கே தப்பு?
– வாசகி, காட்பாடி

பதில்: பெரும்பாலும் ஈரம்தான். கழுவிய கையோடு போட்டால் சூடெல்லாம் தண்ணீரை வற்ற வைக்கவே போகும். நிறம் வரட்டும் என்று காத்திருப்பதற்குள் கறி உள்ளே காய்ந்துவிடும். அடியிலும் பழுப்பு ஒட்டாது. அந்தப் பழுப்பைக் கரைப்பதுதானே சாஸ்!

முதுகுக்கறியை எலும்போடு ஒரு அங்குல கனத்தில் வாங்குங்கள். முன்பே சொல்லாவிட்டால் கடைக்காரர் குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார். 250 கிராம் துண்டுக்கு அரை டீஸ்பூன் உப்பு தடவி, மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். துணியால் ஒற்றி எடுத்து, கொழுப்பு ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் ஓரம் சுருங்கிக் கறியைக் கிண்ணம்போல் மடக்கும். மிளகாய்த்தூள் வேண்டாம், கருகும்.

இரும்பு அல்லது எவர்சில்வர் வாணலி நல்லது, நான்ஸ்டிக்கில் ஒட்டாது. ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இரண்டே துண்டு. 4 நிமிடம் தொடாதீர்கள். திருப்பி 3 நிமிடம், பிறகு சிறு தீயில் 2 முதல் 4 நிமிடம். தட்டில் எடுத்து 5 நிமிடம் ஆறவிடுங்கள்.

எண்ணெயை வடித்து ஒரு டீஸ்பூன் மட்டும் விடுங்கள். அடி கறுத்திருந்தால் சாஸை மறந்துவிடுங்கள், கசக்கும். பழுப்பு என்றால் நறுக்கிய 6 சின்ன வெங்காயம், நசுக்கிய 2 பல் பூண்டு, இடித்த மிளகு போட்டு வதக்கி, முக்கால் கப் எலும்புச் சாறோ தண்ணீரோ ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். பாதியாக வற்றியதும், தட்டில் வடிந்த சாற்றையும் ஊற்றி ஒரு கொதி விட்டு அணைத்து, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெய் சேர்த்துச் சுழற்றுங்கள். மறுபடி கொதித்தால் வெண்ணெய் பிரியும்.

கேள்வி: நடுவில் லேசாகச் சிவந்திருந்தால் சாப்பிடலாமா? பூச்சி என்கிறார் மாமியார்.
– வாசகி, குடியாத்தம்

பதில்: மாமியார் சொல்வது சரி. வேகாத கறியால் குடலில் நாடாப்புழு வரும். அந்தப் புழு உள்ளவர் கழுவாத கையால் அதன் முட்டைகள் உணவில் சேர்ந்து மற்றவர் வயிற்றுக்குள் போனால், மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் நோய் இது. அமெரிக்காவில் 63 டிகிரியும் 3 நிமிட ஓய்வும் போதும் என்பார்கள். இங்கே நடுப்பகுதி 71 டிகிரி தொடட்டும். இறைச்சி வெப்பமானி இல்லையென்றால் எலும்போரம் குத்திப் பாருங்கள். சிவப்பு நீர் வந்தால் மூடி போட்டு இன்னும் 2 நிமிடம். பச்சைக்கறியில் அரிசிமணி போல வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.