பழைய மோட்டார் படகில் இரண்டே நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி வாங்கிவிடலாமா?

சோதிக்காமல் வாங்காதீர்கள். என் மாமா இப்படித்தான் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கினார்.

எனக்கு அம்மாபேட்டையில் டைனமோ, செல்ஃப் மோட்டார் பார்க்கிற பட்டறை. மாமாவின் டீசல் படகு நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவே காவிரியில் ஓடுகிறது. "ஏன் மாப்ளே, பேட்டரியே மாத்தியாச்சு, மறுபடியும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குதே" என்று ஒருநாள் விடிகாலையில் போன் செய்தார். உடனே கிளம்பிப் போனேன். பேட்டரியில் 12 வோல்ட்கூட இல்லை. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும்.

சார்ஜ் ஏற்றிய பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கோர்த்தேன். மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். எல்லாம் ஆஃப், ஆனாலும் 0.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 19 ஆம்பியர் மணி. அவருடையது 80 ஆம்பியர் மணி பேட்டரி. இரண்டு நாளில் பாதி காலி என்றால் செல்ஃப் எப்படிச் சுற்றும்?

அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கிற பம்ப்பைத் தானாக ஓட்டுகிற மிதவை (ஃப்ளோட்) சுவிட்ச் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். அதைக் கழற்றினேன், 0.8 அப்படியே இருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், அப்போதும் குறையவில்லை. அப்புறம்தான் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் கேபிள் ஃப்யூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரிக்குப் போயிருந்தது. கழற்றியதும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. உள்ளே டயோடு பழுது. டயோடு கரண்டை ஒரு பக்கம் மட்டும்தான் விட வேண்டும். எங்கள் கதவணையில் ஷட்டர் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் ஒழுகுமே, அந்த மாதிரி பேட்டரியிலிருந்து கரண்டு திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. டயோடு பிளேட் மாற்றினேன், சரியாகிவிட்டது.

கடல் படகு பார்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஒயர் ஜாயிண்ட் அரிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது ஆற்றுப் படகு. பெட்ரோல் எஞ்சின் என்றால் எஞ்சின் இருக்கிற அறையின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே பேட்டரியில் கை வையுங்கள், ஒரு பொறி போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு பேட்டரி விற்ற கடையில் இரண்டு தடவையும் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. அங்கே மறுபேச்சில்லாமல் ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கிற ஆட்கள், என் பட்டறையில் 300 ரூபாய் கூலி கேட்டால் "தொட்டுப் பாத்ததுக்குக் காசாங்க?" என்கிறார்கள். எங்கே தொட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு 22 வருடம் ஆனது. இந்தக் கூலிக்கு வேலை பழகப் பையன்களும் வருவதில்லை. மனசு வலிக்கிறது.

சரி, உங்கள் படகுக்கு வருகிறேன். நாளை காலை எஞ்சினை எடுப்பதற்கு முன்னால் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லையென்றால் மீட்டர் எத்தனை காட்டுகிறது என்று எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.