கப்பலில் வரும் ஊஞ்சலுக்கு 400 வெள்ளிச் சலுகை உண்டா?

கேள்வி: காரைக்குடியில் 380 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தேக்கு ஊஞ்சலும் பித்தளைச் சங்கிலியும் வாங்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "கப்பல் கூலி 40 வெள்ளிதான், 400 வெள்ளிக்குள் இருப்பதால் வரியும் இல்லை" என்கிறார் சென்னை முகவர். நம்பலாமா?

பதில்: வரி பற்றி அவர் சொன்னது தவறு. கூலி பற்றிச் சொன்னது பாதி உண்மை. உங்கள் கையைக் கடிக்கப்போவது அந்த மறுபாதிதான்.

400 வெள்ளி வரையிலான பொருளுக்கு இறக்குமதி ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) இல்லை என்ற சலுகை விமானத்திலும் அஞ்சலிலும் வருபவற்றுக்கு மட்டுமே. கப்பலில் வந்தால் கிடையாது. ஜொகூர் பாலம் வழியே லாரியில் வந்தாலும் கிடையாது. பொருள் 380 வெள்ளியானாலும் சரி, 38 ஆனாலும் சரி, கிடையாது. இரண்டு பெட்டியாக்கி இரண்டு பில் போட்டாலும் கிடையாது. விமானத்தில் வந்தால்கூட 400 என்பது பொருளின் விலை மட்டுமல்ல. விலை, கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு அது. உங்கள் 380-உடன் 40 சேர்ந்தாலே 420 ஆகிவிடுகிறது.

காப்புறுதி 5 வெள்ளி என்று வைத்தால் மொத்தம் 425. அதற்கு 9 சதவீத ஜிஎஸ்டி 38 வெள்ளி 25 காசு. இங்கே மது, புகையிலை, வாகனம், எரிபொருள் தவிர மற்றவற்றுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. ஊஞ்சலுக்கு 'டியூட்டி' என்று யாராவது பில் போட்டால், அது அவருடைய பைக்குப் போகிற காசு.

இனி அந்த 40 வெள்ளி. ஒரு கன்டெய்னரை நிரப்பாத சில்லறைச் சரக்கைக் கன மீட்டர் கணக்கில் ஏற்றுவார்கள். உங்கள் பெட்டி 2.1 மீட்டர் நீளம், 0.7 அகலம், 0.3 உயரம் என்றால் 0.44 கன மீட்டர்தான். ஆனால் குறைந்தபட்சம் 1 கன மீட்டருக்குக் கூலி கேட்பதுதான் வழக்கம். அந்தக் கூலியும் துறைமுகம் வரைதான். இங்கே இறங்கியதும் கன்டெய்னர் பிரிக்கும் கட்டணம், கிடங்கு, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), ஆவணம், பெர்மிட், லாரி என்று இங்குள்ள ஏஜென்ட் தனி பில் நீட்டுவார். ஆளை இழுக்கக் கப்பல் கூலியை அடிமாட்டு விலைக்குச் சொல்லி, விட்டதை இந்த முனையில் கறப்பது இத்தொழிலின் பழைய வித்தை. சுங்கத்துறை 38 வெள்ளிக்குக் காசு பிசகாமல் கணக்குக் காட்டுகிறது. அதைப்போல் பல மடங்கு வாங்கும் ஏஜென்டின் விலைப்பட்டியலைக் கேட்க நாதியில்லை. காசு கட்டாமல் டெலிவரி ஆர்டர் வராது. நீங்கள் வாதாடும் நாளுக்கெல்லாம் கிடங்கு வாடகை ஏறும்.

ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இங்குள்ள ஏஜென்ட் யார், அவர் கட்டணம் இனம்வாரியாக எவ்வளவு, கிடங்கில் எத்தனை நாள் இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள். 'டோர் டெலிவரி' என்றால் மாடிவரையா, வாசல்வரையா என்பதும் அதில் இருக்கட்டும்.

சுங்க அனுமதிக்கான இணையத் தளமான டிரேட்நெட்டில் எடுத்த பெர்மிட்டின் நகலையும் கேளுங்கள். உங்களிடம் 425-க்கு வரி வாங்கிவிட்டு சுங்கத்துறையிடம் 150 என்று அறிவிப்பவர்கள் உண்டு. தெரிந்தே வரி ஏய்த்தால், ஏய்த்த தொகையைப்போல் 20 மடங்குவரை அபராதம், சிறையும் உண்டு. பெர்மிட்டில் இறக்குமதியாளராக இருப்பது உங்கள் பெயர். ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்துக்குப் போடும் ஜிஎஸ்டி வேறு, இந்த இறக்குமதி ஜிஎஸ்டி வேறு. இரண்டையும் ஒரே தொகையாக எழுதினால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பில்லில் 'தேக்கு' என்று மரத்தின் பெயர் தெளிவாக இருக்கட்டும். ஈட்டி மரம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், அந்தச் சந்தேகம் வந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி கேட்டுப் பெட்டி அங்கேயே நின்றுவிடும்.