இறுதி இருப்பு 4 கோடி; கூரையை மாற்றக் கடன் எதற்கு?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு நகராட்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டடத்தில்தான் எங்கள் நகராட்சி அலுவலகம் இருக்கிறது. அதைச் சீரமைக்க முதலில் 80 லட்சம் என்றார்கள். இப்போது 1 கோடியே 25 லட்சத்துக்குத் திருத்திய மதிப்பீடு மன்றத்துக்கு வருகிறது. கடன் வாங்க வேண்டும் என்கிறார் தலைவர். ஆனால் பட்ஜெட் புத்தகத்தில் இறுதி இருப்பு 4 கோடி என்று போட்டிருக்கிறது. எங்கள் வார்டு கவுன்சிலரை என்ன கேட்கச் சொல்லலாம்?

பதில்: தலைவர் சொல்வது, புத்தகத்தில் இருப்பது இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டு நகராட்சிகளில் கணக்கு மூன்று நிதிகளாகத் தனித்தனியே ஓடுகிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. நீங்கள் சொத்து வரியோடு கட்டும் கல்வி வரி மூன்றாவதில் சேரும். அது நகராட்சிப் பள்ளிகளுக்கான பணம். குடிநீர்க் கட்டணம் இரண்டாவதில் சேரும். அலுவலகக் கூரைக்கு முதல் நிதியில்தான் கை வைக்க வேண்டும். ஆகவே கவுன்சிலர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த 4 கோடியில் எந்த நிதியில் எவ்வளவு?

முதல் நிதியில் இருப்பதும் முழுக்க நகராட்சியின் சொந்தப் பணம் இல்லை. நகராட்சிக் கடைகளை வாடகைக்கு எடுத்தவர்கள் கட்டிய முன்பணம், ஒப்பந்ததாரர்களின் வைப்புத்தொகை, ஊழியர் சம்பளத்தில் பிடித்து இன்னும் கட்டாத தொகை எல்லாம் அதே வங்கிக் கணக்கில் கிடக்கும். மானியமும் அப்படித்தான். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சிறிய நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ எடுக்கக் கூடாது.

நான் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தபோது கண்ணால் பார்த்தது ஒன்று. ஒரு பெரியவர் கடையைக் காலி செய்துவிட்டு முன்பண ரசீதோடு வந்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோன மஞ்சள் காகிதம். பணம் இல்லை, அதைக் கட்டட வேலைக்குச் செலவழித்திருந்தார்கள். எட்டு மாதம் நடந்தார் மனுஷன். உங்களைப் போன்ற கடைக்காரர்தான் அவரும்.

சரி, இவ்வளவும் கழித்தபின் மிச்சம் இருந்தால்? தாராளமாக எடுக்கலாம் என்பேன். மூன்று மாதச் சம்பளம், தெருவிளக்கு மற்றும் மோட்டார் மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கூரைக்குப் போடுவதில் தவறில்லை. வருஷா வருஷம் வரும் செலவுக்கு இருப்பை எடுப்பதுதான் ஆபத்து. இது ஒரு தடவைச் செலவு. உபரிப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டு, அதைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்கினால் வித்தியாசம் உங்கள் வரிப்பணத்தில்தான் போகும்.

எனக்கு அதிகம் உறுத்துவது மதிப்பீட்டில் ஏறிய அந்த 45 லட்சம். பழைய ஓட்டுக் கட்டடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து மதிப்பீடு போட்டால் இப்படித்தான் ஏறும். நாலு இடத்தில் ஓட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடு உட்காரும் மெல்லிய சட்டமான ரீப்பர் மட்டும் போயிருந்தால் ஒரு செலவு. கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தின் நுனி, சுவரில் உட்காரும் இடத்தில் கரையான் தின்று விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் செலவே வேறு. வயரிங்கும் அப்படியே. எத்தனை கைமரம் மாற்ற வேண்டும், எத்தனையைச் சோதித்தார்கள் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். விலைவாசி, ஜிஎஸ்டி என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். அரசு ஒப்பந்த வேலைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானது 2022 ஜூலையில். முதல் மதிப்பீடு அதற்குப் பிறகு போட்டதென்றால் அந்தக் காரணம் நிற்காது. பழைய மதிப்பீட்டையும் புதியதையும் இனம் இனமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பட்டியல், மன்றக் கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்கும் பொருளோடு வர வேண்டும். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் நீங்களே மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் போன்ற நகராட்சிகளுக்குக் கேரள அரசு பராமரிப்பு நிதி என்று தனியாகவே தருகிறது. அதையும் சாலைக்கு, சாலையல்லாத சொத்துக்கு என்று பிரித்துத் தருகிறது. இங்கேயும் கடை வாடகையில் ஒரு பங்கைக் கட்டடப் பராமரிப்புக்கென்று வருஷம்தோறும் ஒதுக்க மன்றமே தீர்மானம் போடலாம். இந்தப் பொருளோடு அதையும் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று அவசரம். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் ஓடு பிரிக்க முடியாது. பிரித்தால் உள்ளே இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் நனையும். கேள்விகளை இந்தக் கூட்டத்திலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினால் வேலை செப்டம்பருக்குப் போகும், மதிப்பீடு மறுபடி திருத்த வரும்.