மங்கலான நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) தூரத்தை, அவற்றிலுள்ள நட்சத்திரங்களின் ஒளியை வைத்துக் கணக்கிடுவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிவது தூரத்தாலா, அதன் இயல்பே அதுதானா என்று எப்படிப் பிரித்தறிவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒளியை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் செபீட் வகை நட்சத்திரங்களைத் தேடுகிறார்கள். இவை சீரான கால இடைவெளியில் கூடிக் குறைந்து ஒளிரும். துடிப்பு மெதுவாக இருந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளி அதிகம் என்பதை 1912இல் வானியலாளர் ஹென்ரியேட்டா லீவிட் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட 25 செபீட்களும் சிறிய மெகல்லன் மேகம் என்ற அண்டை மண்டலத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தன. அதனால்தான் அந்த ஒழுங்கு பிடிபட்டது.

ஆகவே முதல் வேலை துடிப்பின் காலத்தை அளப்பது. வானின் ஒரே பகுதியை ஓரிரு மாதங்களில் பத்துப் பன்னிரண்டு முறை படமெடுக்க வேண்டும், அதுவும் சமமற்ற இடைவெளிகளில். சரியாகப் பத்து நாளுக்கொரு முறை எடுத்தால், பத்து நாளில் துடிப்பது மாறாத நட்சத்திரம் போலவே ஏமாற்றிவிடும்.

பத்து நாளில் துடிக்கும் செபீடின் உண்மை ஒளியைக் குறிக்கும் எண், அதாவது அளவெண், சுமார் −4. (எண் கூடினால் ஒளி குறைவு, வானியலின் பழைய வழக்கம், மாற்ற யாருக்கும் மனமில்லை.) படத்தில் அதன் சராசரி 22 என்றால் வித்தியாசம் 26. அதோடு 5ஐக் கூட்டி 5ஆல் வகுத்தால் 6.2. பத்தின் 6.2ஆம் அடுக்கு, அதாவது சுமார் 16 லட்சம் பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). 52 லட்சம் ஒளியாண்டு.

கணக்கு சுலபம், தொல்லை தூசியில். நடுவிலுள்ள தூசி அரை அளவெண் ஒளியை விழுங்கியிருந்தால் உண்மைத் தூரம் 41 லட்சம் ஒளியாண்டுதான். தூசி நீலத்தை அதிகமாகவும் அகச்சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும் என்பதால், இரண்டு மூன்று நிற வடிகட்டிகளில் அளந்து திருத்துகிறார்கள். நட்சத்திர நெரிசல் இதற்கு நேரெதிர்: பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் கலந்துவிட்டால் மண்டலம் கிட்டே வந்ததுபோல் கணக்கு காட்டும்.

வகை மாறினால் இன்னும் மோசம். 1923இல் ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் செபீடைக் கண்ட வானியலாளர் எட்வின் ஹபிள் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. செபீட்களில் இரு வகை உண்டு, ஒன்றின் அளவுகோல் மற்றதற்குப் பொருந்தாது என்று 1952இல் வானியலாளர் வால்டர் பாடே அறிவித்ததும் அது ஏறத்தாழ இரட்டித்தது. இன்றைய மதிப்பு 25 லட்சம்.

நீள்வட்ட மண்டலங்களில் இளம் நட்சத்திரங்கள் அரிது. அதனால் தூரம் அளக்க உதவும் இளம் வகை செபீட்களும் கிடைக்காது. அங்கே செம்பூதங்களை, அதாவது முதுமையில் ஊதிச் சிவந்த நட்சத்திரங்களை, எண்ணுகிறார்கள். மையத்தில் ஹீலியம் பற்றிக்கொண்டதும் அவை மங்கத் தொடங்கும். அண்மை அகச்சிவப்பில் அளவெண் −4ஐ ஒட்டிய ஒளியைத் தாண்டுவதில்லை. எண்ணிக்கை சட்டென்று சரியும் அந்த விளிம்பைப் படத்தில் கண்டுபிடித்தால் போதும், துடிப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.