நெட் கட் ஆனாலும் ஆர்டர் வரணும்னா என்ன பண்ணணும்?

நாகர்கோவில்ல வீட்டுலயே நேந்திரம் சிப்ஸ் போட்டு விக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ஆர்டர் எல்லாமே இன்ஸ்டா, வாட்ஸ்அப்லதான் வருது. திடீர்னு நெட்டை கட் பண்ணிட்டாங்கன்னா, இல்ல ஆப்பையே தடை பண்ணிட்டாங்கன்னா என் தொழில் என்ன ஆகும்?"

நியாயமான பயம்தாங்க. 2018 மே மாசம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, உங்க குமரி மூணு மாவட்டத்துலயும் நெட்டை நிறுத்துனாங்க. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கோட சேர்த்து 59 ஆப்புக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு, அதை நம்பியே யாவாரம் பண்ணவங்களால பழைய ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடக்கூட முடியல, ஏன்னா ஃபாலோயர் லிஸ்ட்ல பேர் இருக்கும், போன் நம்பர் இருக்காது.

அதனால மொத வேலை, ஒரு நோட்டு வாங்குங்க. பேரு, நம்பர், தெரு, என்ன வாங்குவாங்க, எப்போ வாங்குவாங்க, உப்பு சிப்ஸா சர்க்கரை வரட்டியா, எல்லாத்தையும் கையால எழுதி வைங்க. போன்ல மட்டும் வச்சா பத்தாது. நம்மூர்ல நெட்டை நிறுத்துனாலும் பெரும்பாலும் போன் காலும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்யும், அப்போ அந்த நோட்டுதான் உங்க கடை. (காஷ்மீர்ல 2019-ல போனையே நிறுத்துனாங்க, அந்த மாதிரி நேரத்துல தெரு பேரு எழுதி வச்சிருந்தாதான் நேர்ல போய் நிக்க முடியும்.)

அடுத்தது பாக்கெட் ஸ்டிக்கர். இப்போ நிறைய பேர் அதுல இன்ஸ்டா பேரும் ஒரு கியூஆரும் மட்டும் போடறாங்க, நெட் இல்லன்னா ரெண்டுமே வேஸ்ட். போன் நம்பரைப் பெருசா, கண்ணாடி போடாத பெரியவங்களும் படிக்கிற சைஸ்ல போடுங்க, கீழயே வீட்டுக்கு வர்ற அடையாளம் ஒரு வரி. காலியான பாக்கெட்டைப் பாத்துத்தான் அடுத்த ஆர்டரே வரும், இதுக்குத் தனியா செலவும் இல்ல.

பிட் நோட்டீஸ் அடிச்சா பேப்பர் ஏஜென்ட் கிட்ட குடுத்து உங்க ஏரியாவுக்குப் போற பேப்பருக்குள்ள மட்டும் வைக்கச் சொல்லுங்க. ஊர் முழுக்க வேண்டாம், நீங்களே டெலிவரி பண்ண முடியற தூரம் போதும். ஃபிளெக்ஸ் பக்கம் போகாதீங்க, அனுமதி வாங்கணும், ஆபத்தும் கூட. அதுக்குப் பதிலா கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுலயும் சுசீந்திரம் மார்கழி தேரோட்டத்துலயும் சின்னதா ஒரு ஸ்டால் போட்டு, ருசி பாக்க ரெண்டு சிப்ஸ் கையில குடுத்துட்டு அந்த நோட்டுல நம்பர் எழுதி வாங்குங்க. கல்யாண மண்டபம், சமையல்காரங்க, கேட்டரிங் ஆளுங்களை நேர்ல போய் பாத்துடுங்க, அவங்க ஒருத்தர் குடுக்கிற ஆர்டர் பத்து ரீல்ஸுக்குச் சமம்.

பணம்? ஸ்மார்ட்போன், நெட் ரெண்டும் இல்லாட்டியும் *99# டயல் பண்ணி யுபிஐ அனுப்பலாம், ஒரு தடவைக்கு 5,000 ரூபா வரைக்கும். பேங்க்ல குடுத்த நம்பர்லேருந்துதான் பண்ணணும். நெட் இருக்கும்போதே ஒரு தடவை பண்ணிப் பாத்துடுங்க, அப்புறம் ரெகுலர் கஸ்டமருக்கும் சொல்லிக் குடுங்க.