நீலப் பாக்கெட்டும் பிடி அரிசியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, நான்கு வயது மகள். தனியார் நிறுவன வேலை. பிடித்தம் போகக் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. போன தீபாவளிச் செலவைப் பார்த்துப் பயந்துபோய், இனிச் சிக்கனமாக இருப்பது என்று முடிவெடுத்தேன். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன். வெளியே சாப்பிடுவது மாதம் ஒரு முறைதான். ஓடிடி இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஆவின் பாலை, கொழுப்பு அதிகமான ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து கொழுப்பு குறைந்த நீலப் பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். காய் வாங்க ஞாயிறுதோறும் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு பைக்கில் போய்வருகிறேன். லைட், ஃபேன், செல்போன் சார்ஜர் பற்றி எட்டு விதிகள் எழுதி ஹால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் கணக்குப்படி மாதம் நாலாயிரமாவது மிச்சமாக வேண்டும். பத்து மாதம் ஆகிவிட்டது. பேங்க்கில் அன்றைக்கு இருந்த அதே தொகைதான் இருக்கிறது. கரண்ட் பில்லும் குறையவில்லை, போன முறை 520 யூனிட். மனைவி, "இது வீடா, ஹாஸ்டலா?" என்று கேட்கிறாள். நான் செய்வது சிக்கனமா, கஞ்சத்தனமா? பணம் எங்கேதான் போகிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்த எட்டு விதிகளையும் பார்க்க வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் எழுதி ஒட்டவில்லை, அப்பா வாயாலேயே சொல்லிக்கொண்டிருப்பார். "எவன்டா ரூம்ல லைட்டைப் போட்டுட்டு வந்தது?" என்ற குரல் கேட்காத ராத்திரி கிடையாது.

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. பதினேழு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் போய்விடும். உங்கள் ஹாலில் இருப்பது அநேகமாக 9 வாட் எல்இடி. அது ஒரு யூனிட்டைத் தின்று முடிக்க 111 மணி நேரம் வேண்டும். செல்போன் சார்ஜர் அதைவிடப் பாவம். தினமும் ஒரு தடவை முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் வராது. பல்பு மாறிவிட்டது, சத்தம் மட்டும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் 520 எங்கிருந்து வந்தது? உங்கள் எட்டு விதிகளில் இல்லாத ஒன்றிலிருந்து. பாத்ரூமில் ஹீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன், கோவையில் மார்கழிக் காலை எப்படி என்று எனக்குத் தெரியும். சாதாரணமாக அது 2,000 வாட். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டு, அப்புறம் பாதிப் பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறோம். ஹீட்டரின் அடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதைக் கொஞ்சம் இறக்கி, சூடேறும் நேரத்தை நாளுக்குப் பத்து நிமிஷம் குறைத்தால் இரண்டு மாதத்தில் பத்து மணி நேரம் ஆகிறது. அதாவது 20 யூனிட்.

இந்த 20 யூனிட்டின் விலையைக் கேளுங்கள். நம் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் படிக்கட்டு. 2022 செப்டம்பரில் வைத்த கட்டணப்படி, 500க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. மொத்தம் 1,725. ஐந்நூறைத் தாண்டி ஒரு யூனிட் ஓடினாலும் அந்த 2.25 என்ற படியே உருவப்படும், 101லிருந்தே 4.50 ஆகிவிடும். 501லிருந்து 600 வரை ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய். 520க்குப் போட்டுப் பாருங்கள், 2,110 வரும். இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய், யூனிட் ஒன்றுக்குப் பத்தொன்பது ரூபாய்க்கு மேல்! அதற்கப்புறம் கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, படிக்கட்டின் அமைப்பு இதேதான். ரீடிங் எடுக்க வருகிறவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகிறாரே, அந்தத் தேதியிலிருந்து நாற்பதாம் நாள் நீங்களே ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். 330ஐத் தாண்டியிருந்தால் மிச்ச இருபது நாளும் கவனம் வேண்டும். இதெல்லாம் உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால்தான். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் கதை வேறு, அந்த நூறு இலவச யூனிட்டும் அவருக்கே போய்விடும்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். பெட்ரூம் ஃபேனை முதலில் மாற்றுங்கள். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

உழவர் சந்தைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் அது. 1999இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்த காலத்திலிருந்து அதன் ரசிகன் நான். ஆனால் சரவணம்பட்டியிலிருந்து சிங்காநல்லூர் போய்வர இருபது கிலோமீட்டருக்குக் குறையாதே. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் அதுவே நாற்பது, ஐம்பது ரூபாய். காயில் மிச்சம் எழுபது என்றால் கைக்கு வந்தது இருபதுதான். பையில் இடம் இருக்கிறதே என்று கூடவே இரண்டு கிலோ தக்காளி வாங்கி, வியாழக்கிழமை அதில் பாதியைக் கொட்டியிருப்பீர்கள். நானும் கொட்டியிருக்கிறேன். காலை நேரத்துச் சந்தை அழகுக்காகப் போங்கள், மகளையும் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போங்கள். மிச்சம் பிடிக்கிற கணக்கில் மட்டும் அதை எழுதாதீர்கள்.

இனி பால். 2022 நவம்பர் விலைப்படி ஆரஞ்சு அரை லிட்டர் 30 ரூபாய், நீலம் 20. நாளுக்கு ஒரு பாக்கெட் என்றால் மாதம் 300 மிச்சம், சரிதான். ஆனால் அந்தக் காபியை யார் குடிக்கிறார்கள்? உங்களுக்கு ஆபீஸில் மிஷின் காபி இருக்கும். வீட்டில் இருப்பவர் காலையும் மாலையும் நீலப் பாக்கெட் காபிதான் குடிக்க வேண்டும். மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்கிறீர்கள். கட்டிக் கொடுப்பது யார், அதற்காக எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. சிக்கனமா கஞ்சத்தனமா என்று என்னைக் கேட்கிறீர்கள். மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் யார் தட்டிலிருந்து, யார் தூக்கத்திலிருந்து வந்தது என்று எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே ஆள் பக்கம் விழுந்திருந்தால் ஹாஸ்டல் என்ற வார்த்தை கொஞ்சம் மரியாதையாகச் சொன்னதுதான்.  நாளைக்கே கொஞ்சம் கெட்டியான பாலாக வாங்குங்கள்.

சரி, நாலாயிரம் எங்கே போயிற்று?

என் அம்மா சோற்றுக்கு அரிசி அளக்கிறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உழக்கால் மூன்று அளந்து முறத்தில் கொட்டுவாள். கல் பொறுக்கி முடித்து, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்புக்குப் பின்னால் இருக்கிற மண்பானையில் போட்டுவிடுவாள். காலை ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். அளக்கும்போதே குறைத்து அளந்தால் போதாதா என்று ஒரு நாள் கேட்டேன். "கொறச்சு அளந்தா அரிசி மூட்டையிலதான்டா இருக்கும், பானையில எப்படி இருக்கும்?" என்றாள். பிடி ஐம்பது கிராம் என்று வைத்தாலும் மாதம் மூன்று கிலோ. மாசக் கடைசியில் மூட்டை காலியாகிறபோது அந்தப் பானை திறக்கும்.

உங்கள் பத்து மாதமும் அம்மா சொன்ன மூட்டையில்தான் இருந்தது. ஹோட்டலுக்குப் போகவில்லை, ஓடிடி கட்டவில்லை, அந்தப் பணம் அப்படியே சம்பளக் கணக்கில் மற்ற பணத்தோடு கிடந்தது. கணக்கில் பணம் தெரிகிறதே என்று பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற ஆப்பில் ஏதோ வாங்கியிருப்பீர்கள், உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஐந்நூறு வைப்பதற்கு ஆயிரம் வைத்திருப்பீர்கள். பெரிதாக எதுவும் இருக்காது. போன மாத ஸ்டேட்மெண்டை பிரிண்ட் எடுத்து, நீங்களும் மனைவியும் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். பென்சில் அவர் கையில் இருக்கட்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையைப் பெண்கள் யாரையும் கேட்காமல் செய்தார்கள். சிறுவாடு என்று பெயர். காய் வாங்கக் கொடுத்ததில் மிஞ்சிய சில்லறை, பால் கணக்கில் ஒதுக்கிய ஐந்து, பத்து, எல்லாம் பருப்பு டப்பாவுக்குள்ளும் புடவை மடிப்புக்குள்ளும் போகும். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு டப்பாவிலிருந்து பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷம் அதே சமையலறையில் காபி குடித்தவன் நான், எனக்குத் தெரியாது. என் மனைவி முகத்தில் அன்று இருந்தது பணம் போய்விடுமே என்ற பயம் இல்லை, மாட்டிக்கொண்ட வெட்கம். இப்போது பூக்கார அம்மாவிடமே க்யூஆர் கோடு இருக்கிறது. சில்லறை மிஞ்சினால்தானே ஒதுக்குவதற்கு?

அதனால் பிடியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். சம்பளம் வந்த அன்றே, மளிகைக்கு முன்னால். எதில் போடுவது என்பதில் எனக்கு ஒரு சூடு உண்டு. 1994இல் தெருவில் ஒருவர் நடத்திய தீபாவளிச் சீட்டில் பத்து மாதம் கட்டினேன். புரட்டாசியிலேயே அவர் ஊரைக் காலி செய்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் முறுக்கு சுட்டது அம்மாவின் பானை அரிசியில். புழுங்கலரிசி முறுக்கு மட்டும்தான். அதிரசத்துக்குப் பச்சரிசி வேண்டுமே!

தபால் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற கணக்கு, பழைய பாணிதான், ஆனால் ஓடிப்போகாது. மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருஷக் கணக்கு. 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதம் ஆக்கினார்கள். அந்த வட்டியில் மாதம் 3,000 போட்டால் கட்டியது 1,80,000, கைக்கு வருவது ஏறக்குறைய 2,14,000. நாலாயிரம் வேண்டாம், மூவாயிரத்தில் ஆரம்பியுங்கள். கணக்கை மனைவி பெயரில் திறங்கள். மிச்ச ஆயிரத்தை அவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தத் தாளை முதலில் சுவரிலிருந்து எடுங்கள். செல்லோடேப் கறை இருந்தால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். வாடகை வீடு, காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.