பனியில் எடுக்காத இன்ஜின்: லாரி கேள்வி–பதில்

கேள்வி: ஆப்பிள் லோடுக்காக டிசம்பர் கடைசியில் காஷ்மீர் போனேன். பதான்கோட்டில் டேங்க் நிறைய டீசல் போட்டு, காசிகுண்டில் ராத்திரி வண்டியை நிறுத்தினேன். விடிகாலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை. சைலன்சரில் புகையும் இல்லை. டேங்குக்குக் கீழே தீ மூட்டினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– லாரி ஓட்டுநர், திருச்செங்கோடு

பதில்: தீ மட்டும் வேண்டவே வேண்டாம். என்ன கோளாறு என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றியிருக்கிறது, அதனால் பேட்டரியில் குறையில்லை. புகை துளியும் வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை.

டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கும். குளிர் ஏற ஏற அது செதில் செதிலாகப் பிரிந்து ஃபில்டர் தாளில் போய் அப்பிக்கொள்ளும். ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு நம் நாட்டு டீசல் தரவிதி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, மற்ற மாத டீசலுக்கு 18 டிகிரி. ஆக, 6 டிகிரியிலேயே அடைத்துக்கொள்ளும் டீசல்கூட விதிப்படி நல்ல டீசல்தான். காஷ்மீரின் கடுங்குளிர்க் காலமான, டிசம்பர் 21இல் தொடங்கும் ‘சில்லாய் கலான்’ 40 நாளில் காசிகுண்டு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பதான்கோட் மாதிரி சமவெளியில் விற்கும் டீசல் அந்தக் குளிருக்கு ஆனதல்ல.

டேங்கில் டீசல் இன்னும் ஓடும் பதத்தில்தான் இருக்கும். அடைப்பு ஃபில்டரில். டேங்கைச் சூடாக்கினால் ஃபில்டரில் அப்பிய மெழுகு அப்படியே நிற்கும். ஆனால் பிரேக்குக்குக் காற்று போகும் நைலான் குழாயும் ஒயரிங்கும் உருகிவிடும். டீசல் கசிவு இருந்தால் வண்டியே போய்விடும்.

முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். டீசல் தெளிவாக இல்லாமல் ஆறிப்போன கஞ்சி மாதிரி வெளுத்துக் கலங்கியிருந்தால் மெழுகு. ஒன்றுமே சொட்டவில்லை என்றால் அடியில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகியிருக்கலாம். ஃபில்டரைச் சுற்றி கனத்த துணியைக் கட்டி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு ஊற்றுங்கள். ஒயர் கனெக்டர்களில் படக் கூடாது. கையில் புது ஃபில்டர் இருந்தால் மாற்றிவிடுவது இன்னும் நல்லது. காமன் ரெயில் (ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் அமைப்பு) வண்டியில் புது ஃபில்டரின் நடுத்துளை வழியாக டீசல் ஊற்றிப் பொருத்தாதீர்கள். வடிகட்டாத டீசல் நேராகப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். கைப்பம்ப்பை அது கெட்டிப்படும்வரை அழுத்திக் காற்றை எடுங்கள். பிறகு 15 விநாடி செல்ஃப், 2 நிமிடம் ஓய்வு. விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சுருள் கருகும்.

அடுத்த முறை டேங்க் நிறையப் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள். காஷ்மீர் பள்ளத்தாக்கில் இறங்கி, உள்ளூர் லாரிக்காரர்கள் போடும் பங்கில் நிரப்புங்கள். நிரப்பியதும் இருபது கிலோமீட்டராவது ஓட்டினால்தான் புது டீசல் ஃபில்டர்வரை வந்து சேரும். லடாக் போவதானால் அங்கே –33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பர் முதல் விற்கிறது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் காமன் ரெயில் பம்ப்பின் உயவைக் கெடுக்கும், செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் வேறு மாதிரி. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: வெள்ளைப் புகை எரியாத டீசல். அதாவது டீசல் வருகிறது, சூடு போதவில்லை. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்துவதால் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் இடுக்கில் கசியும், மிச்சச் சூட்டையும் குளிர்ந்த சிலிண்டர் சுவர் குடித்துவிடும்.

பூஜ்ய டிகிரியில் பேட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே நேரத்தில் 20டபிள்யூ-40 ஆயில் கெட்டியாகி இன்ஜினைப் பிடித்து இழுக்கும். வடக்குக்குப் போகும் வண்டிக்கு, கம்பெனி கையேடு அனுமதித்தால், குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-30 ஆயில் ஊற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 24 வோல்ட் பேட்டரி ஜோடியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 18க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். 18க்கு மேல் நின்றும் மெதுவாகச் சுற்றினால் சேசிஸ் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள். பலருக்குக் கோளாறு அங்கேதான்.

ஏர் ஹீட்டர் (இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் கம்பி) உள்ள வண்டியில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. காய்ந்த கம்பியில் ஸ்ப்ரேயில் உள்ள ஈதர் பட்டால் இன்டேக் குழாயிலேயே வெடிக்கும். சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். எடுத்ததும் முறுக்காதீர்கள்; டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர அவகாசம் வேண்டும்.

கேள்வி: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான். ஊட்டிக்கு அது போதாதா?
– காய்கறி லாரி ஓட்டுநர், மேட்டுப்பாளையம்

பதில்: போதாது. ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரிகள் உண்டு. தண்ணீர் உறைந்தால் பருத்து, ரேடியேட்டர் குழாயையோ பிளாக்கையோ பிளக்கும். எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் –37 டிகிரிவரை உறையாது. கூலண்ட் மட்டும் தனியாக ஊற்றினால் அதுவே –13 டிகிரி வாக்கில் உறைந்துவிடும், ஆகவே கலந்துதான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: பிஎஸ்-6 புகைவிதி வண்டியில் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல்) உறைந்தால் ஸ்டார்ட் ஆகுமா?
– ஓட்டுநர், சங்ககிரி

பதில்: ஆகும். ஆட்புளூ –11 டிகிரியில் உறையும். இன்ஜின் சூடானதும் கூலண்ட் குழாய் அதை உருக்கிவிடும். உறையும்போது பருக்கும் என்பதால் டேங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். உறையாமலிருக்க எதையும் அதில் கலக்காதீர்கள்.